முன்கண்ணாடி ஒழுகிய கார்

சித்தூரில் மழையைப் பற்றிக் குறை சொன்னால் சிரிப்பார்கள். கிணறு வற்றிப் போச்சு, ஏரி வற்றிப் போச்சு என்று வருஷம் முழுக்கப் புலம்புகிற ஊர் அது. அந்த ஊரில் மழையில் நனைந்து என் புருஷன் செத்தார் என்றால் யார் நம்புவார்கள்? "உள்ளுக்குள்ள வேற ஏதாச்சும் வியாதி இருந்திருக்கும்மா" என்று எனக்கே எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. அவருக்கு உள்ளுக்குள்ளே ஒரு வியாதியும் இல்லை. காருக்குள்ளே தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

அது வெள்ளைக்காரன் காலம். இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால். சித்தூர் ஜில்லா மதராஸ் ராஜதானியில் இருந்தது. நாங்கள் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் நான், அவர், எங்கள் ஒரே மகள் என்று மூன்று பேர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சண்டை என்று வந்துவிட்டால் எனக்கு இரண்டும் சேர்ந்து வரும். அவருக்குச் சண்டையே வராது. எங்கள் வீட்டுக்கு வேண்டிய சண்டை எல்லாவற்றையும் நான்தான் போட்டேன்.

அவர் வாடகைக் கார் ஓட்டினார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போன வண்டியைக் கடைத்தெரு மோட்டார் கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார். அவரிடமிருந்து இவர் வாங்கினார். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவதுதான் முக்கியமான தொழில். மலைக்கு அப்போது மோட்டார் ரோடு கிடையாது. அடிவாரத்தில், அலிபிரியில் இறக்கிவிட்டால் ஜனங்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு படியேறிப் போவார்கள். திருச்சானூர் போகிறவர்களைக் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். புறப்படும்போது அவர்கள் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினால், இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். "அவங்க சாமி, அவங்க பயணம். எனக்கென்னா கஷ்டம்?" என்பார். மரியாதையான டிரைவர் என்று திருப்பதி ஸ்டேஷன் வரைக்கும் பெயர் இருந்தது.

அந்தக் காரின் முன்கண்ணாடி இந்தக் காலத்துக் கார்களைப் போலப் பதித்தது அல்ல. மேலே கீல் வைத்திருக்கும்; கீழ்ப்பக்கத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் காற்று வரும். எங்கள் ஊர் வெயிலுக்கு அதைத் திறக்காமல் யாரும் உட்கார மாட்டார்கள். திறந்து, மூடி, திறந்து, மூடி, கண்ணாடி வந்து உட்காருகிற ரப்பர் பட்டை தேய்ந்தது. வெயில் அதைக் காய்ச்சி வெடிக்க வைத்தது. மழை வரும்வரைக்கும் அது எங்களுக்குத் தெரியவில்லை. சித்தூரில் எப்போது மழை வந்து எப்போது தெரிவது?

வண்டி வாங்கிய வருஷம் கார்த்திகையில் தெரிந்தது. வங்காள விரிகுடாவில் புயல் அடித்தால்தான் எங்களுக்கு மழை. வந்தால் சாதாரணமாக வராது. திருப்பதியிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு பூதலப்பட்டைத் தாண்டி வரும்போது அவரை மழை பிடித்துக்கொண்டது. பின்னால் உட்கார்ந்தவர்கள்மேல் ஒரு சொட்டு விழவில்லை. எதிர்க்காற்று கண்ணாடியின் கீழே பட்டை தேய்ந்த சந்து வழியாகத் தண்ணீரை நேரே ஓட்டுகிறவர் மாரில் அடித்தது. வீடு வந்து சேர்ந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வந்திருக்கும். அன்றைக்கு விழுந்தவர், நிமோனியா என்று மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்ததே கர்த்தருடைய கிருபை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மார் இன்னும் சுத்தமாகவில்லை. இன்னொரு தடவை இப்படி நனைந்தால் என் கையில் ஒன்றும் இல்லை. புரிகிறதா?"

எனக்குப் புரிந்தது. அந்தக் கண்ணாடி ஒழுகக் கூடாது. அது ஒழுகினால் அவர் இருக்க மாட்டார். அதற்குப் பிறகு எனக்கு வேறு ஜெபமே கிடையாது.

"வண்டிய வித்துடலாமா?" என்று கேட்டேன்.

"வித்துட்டு? எனக்கு வேற என்னா தெரியும்மே? பட்டைய மாத்திட்டா போச்சி" என்றார்.

ரப்பர் கோட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இந்த ஊரில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் இட்லி மாதிரி வெந்துவிடுவேன் என்றார். சரி, பட்டையை மாற்றட்டும் என்று மோட்டார் கடைக்காரரிடம் போனார். போனார் என்றால் போனார், வந்தார். மறுபடி போனார், வந்தார். அந்தக் கடைக்காரர் ஒரு நாயுடு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைக் கேட்டாலும் "ரேப்பு ரா" என்பார். நாளைக்கு வா. அந்த நாளைக்கு வரவே வராது. புகார் சொல்லப் போன இவரோ, போனவுடன் அவருடைய பிள்ளைகள் சௌக்கியமா என்று விசாரிப்பார், காப்பி கொடுத்தால் குடிப்பார், அவர் சொன்னதையே கேட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

"என்னா சொன்னாரு?"

"சித்தூர்ல வருஷத்துக்கு எத்தினி நாள் மழைன்னு கேக்கறாரு. நியாயம்தானே?"

"நியாயம். அந்த நாலு நாள்ல செத்தா, மீதி நாள் பொணத்த வெச்சி ஓட்டறதா வண்டிய?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். பயத்தில் வாய் எதையாவது சொல்லும்.

மறுநாள் நானே கடைக்குப் போனேன். மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தில் சோறு கட்டிக்கொண்டு போய், வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை.

"ஏமம்மா?" என்றார்.

"முன்கண்ணாடி ஒழுகுது."

"மன சித்தூர்லோ வான எக்கடம்மா?" நம் சித்தூரில் மழை எங்கேயம்மா இருக்கிறது என்று சிரித்தார்.

"மழை எங்கருக்குதுன்னு மிஷன் ஆஸ்பத்திரில போய்க் கேளுங்க. அங்கதான் அவரு மார்ல இருந்துது."

ரப்பர் மதராஸிலிருந்து வர வேண்டும், கண்ணாடியைத் திறக்காமல் ஓட்டினால் ஒன்றும் ஆகாது, துரை ஓட்டின காலத்தில் ஒரு புகாரும் இல்லை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். துரை மழையில் எங்கே ஓட்டினார், மழை வந்தால் பங்களாவுக்குள்ளே உட்கார்ந்து டீ குடித்திருப்பார் என்றேன். மத்தியானம் அந்தப் பெஞ்சிலேயே மகளுக்குச் சோறு ஊட்டினேன். கடைக்கு வந்தவர்களெல்லாம் என்ன விஷயம் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். சாயங்காலம் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, மதராஸுக்குப் போகிற ஆளிடம் சொல்லிப் பட்டை வரவழைப்பதாக ஒப்புக்கொண்டார். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

அது வந்து சேர மாசிக்கு மேல் ஆகிவிட்டது. கடையில் வேலை செய்பவர் வந்து பழையதை உரித்துப் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்தினார். கறுகறுவென்று, அழுத்தினால் திரும்பி எழும்புகிற நல்ல பட்டை. கடை ஆள் போனதும் இவர் கண்ணாடியை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். நான் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடிமேல் ஊற்றினேன். வரிசை வீட்டுப் பெண்கள், தண்ணீர்ப் பஞ்சத்தில் இவளுக்குப் பைத்தியமா என்று பார்த்தார்கள். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அவர் சட்டையை இழுத்துப் பிடித்து, காய்ந்திருக்கிறது பார் என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று ராத்திரிக்குக் கறிக்குழம்பு வைத்தேன்.

இனி சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எல்லா ஜாதியிலும் உள்ளது. எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தயாராவதும்கூட. நல்லெண்ணெயில் இரண்டு மிளகு போட்டுக் காய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பேன். அவர் கோவணத்தோடு கொல்லையில் நின்று உச்சி முதல் பாதம் வரை தேய்த்துக்கொள்வார். தேய்த்தது போக மிச்ச எண்ணெயை ஒரு பழந்துணியில் நனைத்துக்கொண்டு காரிடம் போவார். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, அந்த ரப்பர் பட்டையில் மூலை முடுக்கு விடாமல் ஊற ஊறத் தேய்ப்பார். பழைய பட்டைக்கும் அப்படித்தான் செய்தார். புதியது வந்த பிறகு இன்னும் சிரத்தை.

"வெயில்லயே நிக்கிற வண்டி. சூடு ஏறினா மனுசனுக்குக் காலு வெடிக்கல? அதே மாரிதான் இதுவும். எண்ணெ உள்ள போனாத்தான் சூடு தணியும்" என்பார்.

"கட்டின பொண்டாட்டிக்கு என்னிக்காச்சும் எண்ணெ தேச்சி விட்டிருக்கீங்களா?"

"நீ ஒழுகலியே."

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று ஒரு பழமொழி உண்டல்லவா, அது அவருக்கு வேதவாக்கியம் மாதிரி. வேலையெல்லாம் முடித்து, எண்ணெய் மினுக்குகிற உடம்போடு, எண்ணெய் மினுக்குகிற காருக்குப் பக்கத்தில் அவர் நிற்பார். மகள், நைனாவும் காரும் குளிக்கப் போகிறார்கள் என்று கைதட்டுவாள். எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் தெரிந்தது. யாருக்குத்தான் அப்படித் தெரியாது? எண்ணெய் கெடுதல் செய்யும் என்று எங்கள் பக்கத்தில் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அந்தக் கோடை போயிற்று. ஆடி போயிற்று. மழை என்று சொல்ல ஒன்றும் இல்லை, இரண்டொரு தூறல். கார்த்திகையில் திருச்சானூரில் பத்மாவதித் தாயார் உற்சவம். கடைசி நாள் பஞ்சமி தீர்த்தம், குளத்தில் முழுகச் சீமையே திரண்டு வரும். ஒரு குடும்பம் வண்டி பேசியிருந்தது: புருஷன், பெண்சாதி, கைக்குழந்தை. காலையில் வானம் வெறிச்சென்று இருந்தது. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"மழை வந்தா எங்கியாச்சும் நிறுத்திக்குங்க" என்றேன்.

"வரட்டுமே. புதுப் பட்டை. வாரம் தவறாம பாத்துக்கினு வர்றேன். உன் நாயுடுவே பாத்தா அசந்து போவாரு" என்றார்.

நடந்ததை அந்தக் குடும்பத்துப் பெண்தான் பிறகு வந்து சொன்னாள். தீர்த்தம் முடிந்து திரும்பும்போது சந்திரகிரி தாண்டியதும் மழை. கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் இல்லை. காற்று எதிர்த்து அடிக்க ஆரம்பித்ததும் கண்ணாடியின் கீழே தண்ணீர் எட்டிப் பார்த்தது. இவர் ஓட்டிக்கொண்டே ஒரு கையால் பட்டையை உள்ளே அழுத்தியிருக்கிறார். அது கொழகொழவென்று விரலோடு வந்துவிட்டது. அப்புறம் முழுச் சந்தும் திறந்துகொண்டது. இந்தத் தடவை தண்ணீர் பின்சீட்டு வரைக்கும் அடித்ததாம். குழந்தை நனைந்து வீறிட்டது. ஒதுங்க ஒரு கூரை இல்லை. வண்டியை நிறுத்தி, முதலில் மேல்துண்டைச் சந்தில் திணித்தார். போதவில்லை. சட்டையைக் கழற்றித் திணித்தார். பின்சீட்டுக்குத் தண்ணீர் வருவது நின்றது. வெறும் மாரோடு, ஊறின துணியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பூராவும் வாங்கிக்கொண்டு, சித்தூர் வரைக்கும் ஓட்டினார். "வாணாண்ணா, போட்டுக்குங்கன்னு எத்தினியோ சொன்னோம்" என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். சொல்லியிருப்பார்கள். அவர் கேட்டிருக்க மாட்டார்.

பொழுது சாயும் நேரத்துக்கு வீட்டு வாசலில் வந்து நின்றார். நடுங்கிக்கொண்டு, கையில் அந்தப் பட்டையை வைத்திருந்தார்.

"கையோட வந்துடுச்சிமே" என்றார். அதைத்தான் சொன்னார். குளிருகிறது என்றுகூடச் சொல்லவில்லை.

ஜுரத்தில் கிடந்த நாட்களிலும் அவருக்கு அந்த யோசனைதான். புதுப் பட்டை எப்படிப் போகும், ஒரு வாரம் விட்டேனா, நீயே சொல்லு என்று கேட்பார். நான் என்ன சொல்வேன்? கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றேன். மனசார அதைத்தான் நம்பினேன். "அவர ஏசாத. அவருக்கென்னா தெரியும்" என்றார். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு என் தோளில் கையை வைத்தாள். அந்தக் கை எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பிள்ளைகள் சர்ச்சில் பழகிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அவர் போனார். மூச்சுக்கு அவ்வளவு பாடுபட்ட மனுஷன் கடைசியில் சத்தமே இல்லாமல் போனார்.

அடக்கத்துக்கு மோட்டார் கடைக்காரர் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் தன் சரக்கில்தான் குற்றம் என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது. பட்டைக்கு வாங்கிய பணத்தை மறுநாள் ஆள் மூலம் திருப்பி அனுப்பிவிட்டார்.

வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. நான் அதைப் பார்க்காமல் தண்ணீருக்குப் போகப் பழகிக்கொண்டேன். பங்குனியில் நகரியிலிருந்து ஒருவர் வந்தார். தறிக்காரர்களிடம் சேலை எடுத்து வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரி, தமிழர்தான். அவரிடம் மறைக்கவில்லை. பெயர்ந்து வந்த அதே பட்டையைத்தான் திரும்ப ஒட்டி வைத்திருக்கிறது, மழையில் ஒழுகும் என்று சொன்னேன்.

"நம்ம சீமையில மழை எங்கம்மா பெய்யிது" என்று அவரும் சிரித்தார். வண்டி போய்விட்டது.

சித்திரையில் ஒரு கோடை மழை. மாங்காய்களை உதிர்த்துவிட்டுப் போகிற மழை. அது விட்ட மறுநாள் காலையில் அந்தக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. வியாபாரி இறங்கினார். கூடவே திருப்பதியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இன்னா வண்டிம்மா இது? ஒரு கட்டு பட்டுச் சேலை பூராவும் நனைஞ்சி சாயம் எறங்கிப்போச்சி."

"ஒழுகும்னு சொன்னேனுங்களே."

"ஒழுகும்னு சொன்னீங்க. இப்பிடி மடை தொறந்த மாரி கொட்டும்னு சொன்னீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. மழை எங்கே பெய்கிறது என்று சிரித்தது யார் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் மெக்கானிக் கண்ணாடியைத் தூக்கி, பட்டையில் ஒரு துண்டைக் கிள்ளியெடுத்தார். விரல்களுக்கு நடுவே அது பசையாக இழுபட்டது. மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"எண்ணெ. சிக்கு நாத்தம் அடிக்குது பாருங்க" என்றார். "ரப்பருக்கு எண்ணெ ஆவாதுங்க. ஊறி, இளகி, கூழாப் பூடும். இது நல்ல பட்டைதான். சும்மா வுட்டிருந்தா பத்து வருசத்துக்கு அசையாது. யாரோ எண்ணெ ஊத்தி ஊத்தியே இதக் கொன்னுருக்காங்க."

நான் சீப்பைப் பிடித்தபடியே நின்றேன். சும்மா விட்டிருந்தால். அந்த வார்த்தைதான் காதில் நின்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அந்தத் துணியை எவ்வளவு பத்திரமாக மூலைகளில் நுழைத்தார் என்பது கண்முன்னே வந்தது. தன் உயிரைக் காப்பாற்றத்தான் தேய்த்தார். கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கடைக்காரர் குற்றம் இல்லை. மழையின் குற்றமும் இல்லை. இது தெரியாமலே அவர் கண்ணை மூடினார் என்பது ஒன்றுதான் கர்த்தர் எனக்கு விட்டுவைத்த ஆறுதல்.

வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வரிசை வீட்டுப் பெண்கள், எங்கள் சபை உபதேசியார், தெருவில் போனவர்கள்.

"எவன்யா அந்த மடையன்?" என்று வியாபாரி எல்லாரையும் பார்த்துக் கேட்டார். "ரப்பருக்குப் போய் எண்ணெ தேச்ச புத்திசாலி எவன்?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நைனா..." என்று ஆரம்பித்தாள். அவள் பின்னலை இறுக்கிப் பிடித்தேன்.

"நான்தாங்க" என்றேன்.

"நீங்களா?"

"ஆமாங்க. அவரு வாணாம் வாணாம்னு தடுத்தாரு. அவருக்கு வண்டியப் பத்தி எல்லாம் தெரியும். அவரு இல்லாத நேரத்துல நான்தான் தேச்சேன்."

பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். உபதேசியார் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அப்படியானால் புருஷனைக் கொன்றது இவள்தானா என்று அந்த நிமிஷமே அத்தனை பேருக்கும் ஓடியிருக்கும். ஓடட்டும். இந்தத் தெருவில் ஒருவன் வாயிலிருந்தும் அவரை மடையன் என்று நான் கேட்கத் தயாராக இல்லை.

வியாபாரிக்குக் கோபம் பாதி தணிந்துவிட்டது. பெண்பிள்ளை என்றதும் இரக்கம் வேறு வந்துவிட்டது.

"ஏம்மா, ரப்பருக்கு யாராச்சும் எண்ணெ தேப்பாங்களா? புத்தி இருக்குதா உனுக்கு?"

"இல்லீங்க" என்றேன்.